எழும்ப முடியாத கோழி

நமது ஊர்களில் "கோழிக்கு வருத்தம்" என்று ஒருவர் சொன்னால், "என்ன வருத்தம்?" என்று கேட்பவர் குறைவு. கத்தியைத் தேடுபவரே அதிகம். அதிலும் ஒரு நியாயம் உண்டு. தானாகச் செத்த கோழி நமக்கு ஆகாது. மூச்சு இருக்கும்போது அறுத்தால் மட்டுமே அது சட்டிக்கு வரும். அதனால், தலையைத் தொங்கப்போட்டு நிற்கும் கோழியைக் கண்டவுடன் வீட்டார் மணிக்கூட்டைப் பார்க்கிறார்கள். கோழியைப் பார்ப்பவர் யாருமில்லை.

சோர்வு என்பது காய்ச்சலைப் போல ஓர் அறிகுறி. அதற்குப் பின்னால் வைரசு இருக்கலாம், வெயில் இருக்கலாம், சிக்கிய முட்டை இருக்கலாம், தின்ற தீனே காரணமாகவும் இருக்கலாம். இவற்றை ஓரளவு பிரித்தறிய வைத்தியப் பட்டம் தேவையில்லை. கண்ணும் கையும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும். உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவி என்ற வகையில், எங்கள் வீட்டுக் கோழி ஒன்று திடீரென்று எழும்ப முடியாமல் போனபோது கண்டவற்றையும், அதன் பின் படித்தறிந்தவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன். 

எங்கள் வீட்டுச் சாம்பலி

சாம்பலி என் மூத்தம்மாவின் கோழி. சாம்பல் நிறம் என்பதால் அந்தப் பெயர். இரண்டு வயதான ஊர்க்கோழி. அது இடும் முட்டைகளை மூத்தம்மா அயலில் விற்பார். அந்தக் காசுதான் சனிக்கிழமைகளில் நான் வகுப்புக்குப் போகும் பஸ் காசு. கூட்டின் பலகையில் ஒரு முட்டைக்கு ஒரு கோடு என்று கரித்துண்டால் கீறி வைப்பது மூத்தம்மாவின் பழக்கம்.

மார்கழி மழையில் வளவு முழுக்கத் தண்ணீர் நின்றது. கீரியும் இரண்டு குஞ்சுகளைக் கொண்டுபோனது. ஆகவே சாம்பலியும் இன்னும் முட்டையிடத் தொடங்காத இரண்டு இளம் பேடுகளும் ஏறத்தாழ ஆறு கிழமை கூட்டிலேயே அடைபட்டுக் கிடந்தன. தீன், வீட்டில் மிஞ்சும் வெள்ளைச் சோறு. எப்போதாவது மீன்முள்.

ஒரு நாள் காலையில் கூட்டைத் திறந்தபோது இளம் பேடுகள் இரண்டும் வெளியே பாய்ந்தன. சாம்பலி மட்டும் வரவில்லை. காலை மடக்கி உட்கார்ந்திருந்தது. தூக்கி நிறுத்தினால் இரண்டு அடி வைத்துச் சரிந்தது. கழுத்து மெல்லப் பின்னால் வளைந்தது. கண்கள் தெளிவாகவே இருந்தன.

வாப்பா வந்து பார்த்தார். "மாமி, சாகிறதுக்கு முந்தி அறுத்திருவம். செத்தா வீணாப் போயிரும்" என்றார்.

மூத்தம்மா கோழியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். "நாளைக்கு சுபஹ் வரைக்கும் பாப்பமே, மருமகன்" என்றார்.

அன்று பகலும் இரவும் மட்டுமே எங்களுக்குக் கிடைத்த தவணை.

முதலில் பார்த்தல்

கோழி இரையாகும் இனம். காட்டில் சோர்ந்து நிற்கும் பறவையைத்தான் பருந்தும் நரியும் முதலில் தூக்கும். ஆகவே இயன்ற வரை தன் பலவீனத்தை மறைப்பது அதன் இயல்பு. நாம் "திடீரென்று" என்று சொல்லும் சோர்வு பல நேரங்களில் பல நாட்களாக வளர்ந்து வந்ததாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க நெஞ்செலும்பைத் தடவிப் பார்க்க வேண்டும். எலும்பின் இரு பக்கமும் தசை நிறைந்திருந்தால் சோர்வு புதிது. எலும்பு கத்தி விளிம்பு போல் கையில் பட்டால் கோழி நெடுநாளாக மெலிந்து வந்திருக்கிறது. குடற்புழு, செள், நாட்பட்ட நோய் ஆகியவற்றை அப்போது நினைக்கலாம்.

அடுத்து கழுத்தின் அடியிலுள்ள தீனிப்பை. இரவு முழுவதும் தீன் கீழிறங்கி, காலையில் அது வெறுமையாக இருக்க வேண்டும். காலையிலும் கல்லுப்போல் இறுகியோ, தண்ணீர்ப் பைபோல் தளும்பிப் புளித்த நாற்றத்துடனோ இருந்தால் கோளாறு அங்கேதான்.

பின்னர் கொண்டை. வெளிறியிருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது. செள்ளுண்ணிகள் இரவில் வந்து இரத்தம் குடித்துவிட்டுப் பகலில் பலகை இடுக்கில் ஒளிந்துகொள்ளும். கொண்டை நீலம் பாய்ந்திருந்தால் ஒட்சிசன் போதவில்லை. அது அவசர நிலை.

எச்சத்தையும் பார்க்க வேண்டும். அதன் மேல் வெள்ளைப் பூச்சு இருப்பது இயல்பு. அது கோழியின் சிறுநீர்க் கழிவு. பச்சையாகத் தண்ணீர்போல் போவதும் இரத்தம் கலந்து போவதும் நோயின் அடையாளங்கள்.

கால்கள் நமக்கு நிறையச் சொல்லும். ஒரு கால் முன்னும் மறு கால் பின்னுமாக நீண்டு கிடந்தால் மாரெக் நோயை ஐயுறலாம். ஹங்கேரி நாட்டு மிருக வைத்தியர் யோசெப் மாரெக் 1907 இல் விவரித்த வைரசு நோய் இது. பெரும்பாலும் இளங்கோழிகளையே தாக்கும். கழுத்து ஈரத் துணிபோல் தொங்கினால், அழுகிய பொருளையோ அதிலுள்ள புழுக்களையோ தின்றதால் வந்த நஞ்சாக இருக்கலாம்.

முட்டைக்கோழியாயின் அடிவயிற்றையும் மென்மையாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். வால் ஏறி இறங்க, முக்கிக்கொண்டு நிற்கும் கோழியின் உள்ளே முட்டை சிக்கியிருக்கக்கூடும். அழுத்தி எடுக்க முயல வேண்டாம். உள்ளே உடைந்தால் உயிருக்கு ஆபத்து.

கடைசியாக, மற்றக் கோழிகளைப் பாருங்கள். பல கோழிகள் ஒரே நேரத்தில் சுருண்டு, வாயைத் திறந்து மூச்செறிந்து, பச்சையாகக் கழிந்து, கழுத்து முறுகி விழுந்தால் அது ராணிக்கெட் நோயாக இருக்கலாம். 1926 இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரப் பகுதியில் பரவியதால் நியூகாசில் நோய் என்றும் பெயர் பெற்றது. அதற்கு மருந்தில்லை, தடுப்பு மருந்து உண்டு. இப்படிப் பல கோழிகள் சேர்ந்து விழும்போது அறுக்கவும் கூடாது, வெறுங்கையால் தொடவும் கூடாது. கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவிப்பதே முதல் வேலை.

சாம்பலியை இந்த ஒழுங்கில் பார்த்தபோது கிடைத்தவை இவை: நெஞ்சில் தசை இருந்தது. தீனிப்பை வெறுமை. கொண்டை சிவப்பு. எச்சம் இயல்பு. முட்டை சிக்கவில்லை. மற்ற இரண்டு பேடுகளும் நல்ல சுகம். கூட்டின் மூலையில் ஓடில்லாத தோல்முட்டை ஒன்று கிடந்தது.

முதலுதவி

நோயுற்ற கோழியை மற்றவற்றிடமிருந்து பிரித்து, இருட்டும் அமைதியுமான ஓர் இடத்தில் வைக்க வேண்டும். மற்றக் கோழிகள் கொத்தும் என்பதும், நோய் தொற்றும் என்பதும் இதற்குக் காரணங்கள். நாங்கள் ஒரு காட்போட் பெட்டியில் சாக்கும் வைக்கோலும் போட்டு, கோழி பக்கவாட்டில் சரியாமல் இரு பக்கமும் பழைய துணியை அண்டை கொடுத்தோம்.

கோழியின் உடல் வெப்பநிலை இயல்பாகவே 41 முதல் 42 பாகை செல்சியசு வரை இருக்கும். ஆகவே நமது கைக்குச் சுடுவதை வைத்துக் காய்ச்சல் என்று முடிவு செய்ய முடியாது. மனிதருக்கான காய்ச்சல் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது ஆபத்தானது. மழைக்காலத்தில் கோழிக்குச் சூடு தேவை. ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் நிலைமை நேர்மாறு. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இரைத்தே வெப்பத்தை வெளியேற்றுகிறது. அப்படி இரைத்துச் சாயும் கோழியை நிழலுக்குக் கொண்டுபோய், கால்களைச் சாதாரணத் தண்ணீரில் நனைக்க வேண்டும்.

தண்ணீர் கொடுப்பதில்தான் அதிக கவனம் வேண்டும். கோழியின் மூச்சுக்குழல் வாசல் நாக்கின் அடியிலேயே இருக்கிறது. வாயைப் பிளந்து ஊற்றினால் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் பக்கத்தில் ஒவ்வொரு துளியாக வைத்தால் அதுவே விழுங்கும். எங்கள் பக்கத்தில் சின்ன வெங்காயமும் மிளகும் உருட்டித் தொண்டைக்குள் தள்ளுவார்கள். கழுத்து நிற்காத கோழிக்கு அப்படிச் செய்தால் தொண்டை அடைத்துவிடும். சாம்பலிக்கு நானும் மூத்தம்மாவும் மாறி மாறிச் சீனித் தண்ணீரைத் துளி துளியாக வைத்தோம். தொடுவதற்கு முன்னும் பின்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவினோம். கோழியின் எச்சத்திலுள்ள சல்மொனெல்லா போன்ற பற்றீரியாக்கள் நம்மையும் நோயாளியாக்கும்.

முட்டை ஓட்டின் கணக்கு

முற்பகல் பதினொரு மணிக்குப் பெட்டியோடு கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போனோம். வைத்தியர் கோழியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மூன்று கேள்விகள் கேட்டார். என்ன தின்றது? கடந்த ஒரு மாதத்தில் எத்தனை முட்டை இட்டது? ஓடு எப்படி இருந்தது?

இரண்டாவது கேள்விக்கு மூத்தம்மா தயங்காமல் "பதினாலு" என்றார். கரிக்கோடுகள் அவர் மனதில் இருந்தன. வைத்தியரே ஒரு கணம் வியந்துபோனார்.

அந்த 14 என்ற எண் எவ்வளவு பெறுமதியானது என்பது வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தபோது புரிந்தது. முட்டை ஓட்டின் பெரும்பகுதி கல்சியம் காபனேற்று. பண்ணைக்கோழியின் ஒரு முட்டை ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் உண்டு. ஊர்க்கோழி முட்டை சிறியது என்பதால் ஒன்றரைக் கிராம் என்று குறைத்தே வைத்தாலும், 14 முட்டைக்கு 21 கிராம். ஒரு பேட்டுக்கோழியின் உடல் முழுவதிலும் உள்ள கல்சியமே ஏறத்தாழ 20 கிராம்தான். ஒரே மாதத்தில் தன் எலும்புக்கூடு முழுவதற்கும் ஈடான கல்சியத்தைச் சாம்பலி நமக்கு முட்டையாகத் தந்திருக்கிறது.

ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணித்தியாலம் எடுக்கும். அதில் பெரும்பகுதி இரவில், கோழி தின்னாத நேரத்தில் நடக்கிறது. அந்நேரம் எலும்பிலிருந்தே கல்சியம் எடுக்கப்படுகிறது. பகலில் தீனிலிருந்து அதை ஈடுசெய்ய வேண்டும். வளவில் திரியும் கோழி நத்தை, சிப்பித் துண்டு, கீரை, பூச்சி என்று கிளறித் தின்று இதைச் சமாளிக்கும். வெயில் பட்டால் விற்றமின் டீ உருவாகி, கல்சியம் உறிஞ்சப்பட உதவும். மழையில் அடைபட்ட கூட்டில் கிளறலும் இல்லை, வெயிலும் இல்லை. சோற்றில் கல்சியம் மிகச் சொற்பம். இரத்தத்தில் கல்சியம் குறைந்தால் தசை சரியாகச் சுருங்காது. கோழி எழும்ப முடியாமல் போகும்.

வைத்தியர் கல்சிய மருந்தோடு பி விற்றமின்களையும் கொடுத்தார். கழுத்து பின்னால் வளைவது விற்றமின் பி1 குறைவிலும் வரும் என்றும், வெள்ளைச் சோறு மட்டும் தின்னும் கோழிக்கு அது வரக்கூடியதே என்றும் விளக்கினார். இந்த இடத்தில்தான் என் பாடப் புத்தகமும் எங்கள் கோழிக்கூடும் சந்தித்தன.

பத்தாவியாவின் கோழிகள்

இன்றைய ஜகார்த்தா அன்று ஒல்லாந்தர் ஆட்சியில் பத்தாவியா எனப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே படைவீரர்களும் சிறைக்கைதிகளும் பெரிபெரி நோயால் மாண்டனர். கால் மரத்துப் பலமிழந்து, நடக்க முடியாமல் போய், இதயம் தளர்ந்து உயிர் போகும் நோய் அது. "பெரிபெரி" என்ற சொல் "முடியாது" எனப் பொருள்படும் சிங்களச் சொல்லான "பெரி" என்பதிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது. முடியாது, முடியாது என்று நோயாளி சொல்லும் சொல்லே நோயின் பெயராயிற்று.

நோய்க்குக் காரணம் ஏதோ ஒரு பற்றீரியா என்று கருதிய கிறிஸ்தியான் ஐக்மன் என்ற ஒல்லாந்து வைத்தியர், கோழிகளை வைத்து ஆராய்ந்தார். நோயாளியின் இரத்தம் ஏற்றிய கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. ஆனால் எதுவும் ஏற்றாத கோழிகளும் விழுந்தன. பின்னர் எல்லாக் கோழிகளும் தாமாகவே எழும்பி நடந்தன.

ஐக்மன் தீனைப் பற்றி விசாரித்தார். சில மாதங்களாக, படை வைத்தியசாலைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய வெள்ளையரிசிச் சோறு கோழிகளுக்குப் போடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர், படையினரின் சோற்றைப் படையில் இல்லாத கோழிகளுக்குத் தர முடியாது என்று மறுத்துவிட்டார். கோழிகள் பழையபடி தீட்டாத அரிசிக்கு மாறின, சுகமடைந்தன. ஒரு சமையற்காரரின் கண்டிப்பு விஞ்ஞானத்துக்கு வழி திறந்தது.

வெள்ளையரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாகவும், தவிடு அதை முறிப்பதாகவும் ஐக்மன் முதலில் நினைத்தார். 1901 இல் அவருக்குப் பின் ஆராய்ந்த கெரிட் கிரைன்ஸ், தவிட்டில் உடலுக்கு இன்றியமையாத ஒரு பொருள் இருக்கிறது, அது இல்லாததே நோய் என்று விளக்கினார். 1926 இல் அப்பொருள் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே தயமின் எனப்படும் விற்றமின் பி1. ஐக்மனுக்கு 1929 இல் நோபல் பரிசு கிடைத்தது.

கலச்சுவாசத்தில் பைருவேற்று அசற்றைல் துணைநொதியம் ஏ ஆக மாறும் படியை நாம் மனனம் செய்கிறோம். அந்தப் படிக்குத் தயமின் வேண்டும். அது இல்லாவிட்டால் குளுக்கோசு இருந்தும் கலத்துக்குச் சக்தி போதாது. முதலில் தளர்வன நரம்பும் தசையும். உடலில் தயமின் அதிகம் சேமிக்கப்படுவதில்லை. சில கிழமைகளிலேயே குறைவு வெளிப்பட்டுவிடும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்

மருந்து கொடுத்த அன்று மஃரிபுக்குப் பிறகு சாம்பலி தலையை நேராக வைத்திருந்தது. சுபஹுக்கு வாப்பாவும் எழும்பி வந்தார். பெட்டிக்குள் அது ஒரு பக்கம் சாய்ந்தபடி நின்றுகொண்டிருந்தது. வாப்பா ஒன்றும் சொல்லாமல் போய்த் தண்ணீர்க் கோப்பையை நிரப்பி வைத்தார். மூன்றாம் நாள் நடந்தது.

எது சுகமாக்கியது, கல்சியமா, தயமினா? பத்தாவியாவில் மாறியது அரிசி ஒன்றுதான். அதனால் காரணத்தைப் பிடிக்க முடிந்தது. சாம்பலிக்கு இரண்டும் ஒரே நாளில் கொடுக்கப்பட்டன. ஒன்றை நிறுத்தி வைத்துப் பார்த்திருந்தால் விடை கிடைத்திருக்கும், கோழி கிடைத்திருக்காது. ஆனாலும் ஒரு சான்று உண்டு. இளம் பேடுகள் இரண்டும் அதே சோற்றைத்தான் தின்றன, ஆனால் முட்டை இடவில்லை, விழவும் இல்லை. தோல்முட்டையும் 14 கரிக்கோடுகளும் கல்சியத்தையே காட்டுகின்றன. அதனால் பெரும்பங்கு கல்சியத்துக்கே என்பது என் முடிவு.

இப்போதைய தீன்

இப்போது எங்கள் கூட்டில் சோறு தனியே போவதில்லை. மில்லிலிருந்து வரும் தவிடு, புழுங்கல் அரிசிக் குறுணல், முருங்கை இலை ஆகியவை சேரும். நெல்லை அவிக்கும்போது தயமின் தவிட்டிலிருந்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால், தீட்டிய பின்னும் புழுங்கல் அரிசியில் அதன் பங்கு மிஞ்சும். இந்த விடயம் கோழிக்கு மட்டும் உரியதல்ல, நமது சோற்றுக் கோப்பைக்கும் பொருந்தும். கடற்கரையில் பொறுக்கிய சிப்பி ஓட்டை இடித்து ஒரு சிரட்டையில் தனியாக வைத்திருக்கிறோம். கோழி தனக்குத் தேவையான அளவைத் தானே கொத்தி எடுக்கும். முட்டைக்கோழிக்கென்று கடையில் விற்கும் தீனில் கல்சியம் சேர்க்கப்பட்டிருக்கும். வசதியுள்ளோர் அதை வாங்கலாம். வெயில் வந்தால் ஒரு மணித்தியாலமாவது கூட்டைத் திறந்துவிட வேண்டும்.

கோழிக்கு மருந்து கொடுத்தால், எத்தனை நாளைக்கு அதன் முட்டையையும் இறைச்சியையும் உண்ணக்கூடாது என்று வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சுகப்படுத்த முடியாத நோயில் துன்பப்படும் கோழியைத் துன்பத்தில் விட்டுவைப்பதும் இரக்கமாகாது. அந்த முடிவையும் வைத்தியரின் சொல் கேட்டே எடுக்கலாம்.

சாம்பலி ஒரு மாதம் முட்டை இடாமல் ஓய்ந்திருந்தது. அதன் பின் வந்த முதல் முட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, மூத்தம்மா பலகையில் புதிய வரிசையில் ஒரு கோடு கீறினார். கோழி வளர்க்கும் எல்லா வீட்டிலும் இந்தப் பழக்கம் இருக்கட்டும். அதற்கு ஒரு கரித்துண்டு போதும்.